நிக்கறேன், வா மச்சான்

பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டவன் எவனாவது திரும்பிப் பார்ப்பானா? எங்கள் பாவா பார்ப்பார். பார்ப்பதோடு விடாமல் அங்கேயே நிற்பார். மேலிருந்து குண்டு விழும், எதிரிலிருந்து வௌவால் வரும். இவர் குனிவார், நிமிர்வார், ஒரு துள்ளல் துள்ளி நின்ற இடத்திலேயே மறுபடியும் இறங்குவார். ஓர் அடி முன்னே வைக்க மாட்டார்.

"நிக்கறேன், வா மச்சான். ஒண்ணும் அவசரம் இல்ல."

அவசரம் இல்லை என்று யாராவது சொன்னால்தான் எனக்கு அவசரமே பிறக்கும். இருக்கிற எல்லாப் பொத்தானையும் ஒரே சமயத்தில் அமுக்குவேன். என் ஆள் துப்பாக்கியால் வானத்தைச் சுட்டுக்கொண்டே பள்ளத்துக்குள் போய்ச் சேருவான்.

நான் சொல்வது டிவியில் ஆடும் ஆட்டத்தை. திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் பாவா டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். பாவா என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் பக்கத்து நெசவுக்காரக் குடும்பங்களில் தமிழையும் தெலுங்கையும் சேர்த்துப் பிசைந்துதான் பேசுவோம். அப்பா எங்களுக்கு நைனா, அக்கா புருஷன் பாவா. பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே கிடையாது. பதினெட்டு வருஷம் பழகிய மனிதரின் முழுப் பெயரை, இனிஷியலோடு, நான் முதன்முதலாகப் படித்தது ஒரு வக்கீல் டைப் அடித்துக் கொடுத்த காகிதத்தில். படித்ததும், இது யாரடா புது ஆள் என்றுதான் தோன்றியது. அதனால் இங்கேயும் அந்தப் பெயரை எழுதப்போவதில்லை.

ரிப்பேர் முடிந்த டிவியை பாவா உடனே தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். "சூடு பாக்கணும்" என்பார். நாற்பது நிமிஷம் ஓடவேண்டும். உள்ளே இருக்கும் சாமான்கள் சூடேறினால்தான் ஒளிந்திருக்கும் கோளாறு வெளியே வருமாம். சீரியல் போட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன்.

"சீரியல்ல ரெண்டு மூஞ்சி அழுதுகினு இருக்கும். அதுல இன்னா தெரியும்? படம் ஓடணும், கலர் மாறணும், சத்தம் குதிக்கணும். இந்தா, புடி."

பிடி என்று நீட்டியது ஜாய்ஸ்டிக். கட்டைவிரல் நீளத்தில் ஒரு சாமானை டிவியின் முதுகில் சொருகுவார். இரண்டு ஜாய்ஸ்டிக், கம்பி இல்லாதது. ஒன்று அவர் கையில். இன்னொன்று, கடைக்குள் யார் நுழைகிறாரோ அந்த ஆள் கையில். ஒற்றை ஆளாக ஆட மாட்டார். ஆள் வராவிட்டால் டிவி சூடு பார்க்கப்படாமல் அப்படியே கிடக்கும்.

மலையில் மொட்டை போட்டுக்கொண்டு, அப்படியே டிவியையும் வாங்கிப் போகலாம் என்று வந்தவர் ஒருவர். ஆட்ட மும்முரத்தில் தலைச் சந்தனம் வேர்வையோடு வழிந்து மூக்கு நுனியில் சொட்டியதுகூடத் தெரியாமல், "அண்ணா லெஃப்ட்ல, லெஃப்ட்ல!" என்று கத்திக்கொண்டிருந்தார். தெருவில் பால் ஊற்றும் அம்மா ஒருத்தி பாதி ஆட்டத்தில் கேட்டாள்: "தம்பி, உன் ஆளு செவப்பா, நீலமா?"

"செவப்புமா."

"அப்ப செத்துப்போனது நானா? இத முன்னாடியே சொல்லக்கூடாதா? அரை மணி நேரமா உன் ஆள நானுன்னு நெனச்சிகினு சந்தோஷமா இருந்தேன்."

அவளுக்காகவும் பாவா பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றார்.

ஆட்டம் பெரிதாக ஒன்றுமில்லை. சதுரம் சதுரமாக ஒட்டிவைத்த மாதிரி இரண்டு ஆள்கள். சிவப்பு ஒருவன், நீலம் ஒருவன். ஓடவேண்டும், தாவவேண்டும், சுடவேண்டும். காடு, குகை, தொழிற்சாலை, கோபுரம், கடைசியாக முதுகில் புகைபோக்கி முளைத்த ஒரு மூன்று கண் நண்டு. ஐந்து கட்டம். மூக்கடைத்தவன் பீப்பி ஊதுவது மாதிரி ஒரு பாட்டு. இது நம் சின்ன வயசு ஆட்டம்தானே, எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"பழசு இல்ல மச்சான். போன வருசம் செஞ்சது. பழசு மாதிரி செஞ்சிருக்கான்."

"ஏன் பாவா? புதுசு மாதிரியே செய்யத் தெரியலியா?"

"தெரியும். புதுசு மாதிரி செஞ்சா அம்பது மணி நேரம் ஆடணும். யாருகிட்ட இருக்குது அம்பது மணி நேரம்? உன் கிட்ட இருக்குதா?"

என்னிடம் இல்லை. பொதட்டூர்பேட்டையில் லுங்கி வியாபாரம் செய்பவன் நான். வயது நாற்பத்தெட்டு. எனக்கு எதுவுமே முடிவதில்லை. சர்க்கரை முடியாது, மாத்திரை முடியாது, பிள்ளைகளின் படிப்பு முடியாது. எந்தக் கவலையும், இதோ முடிந்தது என்று பட்டாசு வெடித்து அறிவிப்பதில்லை. இந்த ஆட்டத்தில் நாற்பது நிமிஷத்துக்குள் ஒன்று செத்துவிடுவோம் அல்லது நண்டைச் சாகடித்துவிடுவோம். நடுவில் தொங்கிக்கொண்டிருக்கிற சமாசாரமே கிடையாது. பக்கத்தில் தோளோடு தோளாக ஓர் ஆள் வேறு உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, இருவரும் ஒரே பக்கம் பார்த்தால் போதும். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு இதைவிட வசதியான நட்பு கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை பார்சல் போட திருத்தணி வந்தவன், மூன்று முறை வர ஆரம்பித்தேன். அத்தனை லுங்கி எங்கே விற்கிறது என்று என் மனைவிக்கே சந்தேகம் வந்தது.

பயந்தாங்கொள்ளி என்று அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. பயந்தால் நான் குதித்துவிடுவேன். என் கல்யாண மேடையில் பின்னால் பலூன் ஒன்று வெடித்ததற்கு மாலையோடு கீழே குதித்தவன். "உங்களுக்குச் சர்க்கரை இருக்கு" என்று டாக்டர் சொன்னபோது நாற்காலியிலிருந்து குதித்து, மேலே தொங்கிய விளக்கில் தலையை இடித்துக்கொண்டேன். ஆட்டத்திலும் அதே கதை. எதிரிகள் என்னைக் கொன்றது குறைவு. பெரும்பாலும் நானே முந்திக்கொண்டேன்.

ஒருவனுக்கு உயிர் தீர்ந்துபோனால், கூட்டாளியின் கையிருப்பிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொண்டு மறுபடி எழலாம். இது அந்த ஆட்டத்தின் சட்டம். அவனிடம் கேட்கக்கூட வேண்டாம், பொத்தானை அமுக்கினால் போதும். நான் அமுக்கிக்கொண்டே இருப்பேன். பாவா ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை.

"எடுத்துக்க. வெச்சிகினு நான் இன்னா பண்ணப்போறேன்?"

இப்படி எடுத்து எடுத்து, நண்டின் முன்னால் போகும்போது இருவருமே ஓட்டாண்டியாக இருப்போம். அந்த நண்டை ஒருநாளும் கொன்றதில்லை. பாவாவுக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரியும் தெரியவில்லை. "சூடு பாத்தாச்சு" என்று டிவியை அணைத்துவிடுவார்.

நான்காவது கட்டமான கோபுரம்தான் மோசம். அங்கே மேலே ஏறவேண்டும். முன்னால் ஏறுகிறவனோடு திரையும் மேலே போகும். கீழே தங்கிவிட்டவன் திரைக்கு வெளியே விழுந்து சாவான். மற்றவர்களோடு ஆடியிருந்தால் நான் அந்தக் கட்டத்தில் உயிரோடு இருந்திருக்கவே மாட்டேன். பாவா ஒவ்வொரு படியிலும் நின்றார். நெருப்பு அம்பு வந்து குத்தக் குத்த நின்றார்.

இப்படி ஒரு மனிதரோடு வாழ்வதில் என் அக்காவுக்கு என்னதான் கஷ்டம் என்று ஊரே கேட்டது. நானும் கேட்டேன், மனசுக்குள்.

அக்காவுக்கு அரக்கோணத்தில் ஓர் ஆபீசில் வேலை. மாலை ரயிலில் வருவாள். பாவா கடையைச் சாத்திவிட்டு நடைமேடையில், கடிகாரத்துக்குக் கீழே, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நிற்பார். ரயில் ஆறரைக்கு என்றால் ஐந்தரைக்கே நிற்பார். ஒன்றரை மணி நேரம் தாமதம் என்றாலும் நின்றுகொண்டுதான் இருப்பார். பெஞ்சு காலியாக இருக்கும், உட்காரமாட்டார். மதியமும் சாப்பிட்டிருக்க மாட்டார், இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று.

"ஆபீஸ்ல ஒரு டீ குடிக்க பயமா இருக்குதுடா" என்று அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னாள். "பசங்க எல்லாம் கேக் வெட்டுவாங்க. ஒரு துண்டு வாயில வெச்சா, அங்க ஒரு ஆளு பட்டினியா நின்னுகினு இருக்காரேன்னு தொண்டையில நிக்கும். பசிச்சா சாப்புடுங்கன்னா, சிரிக்கறார்."

ஒரு கிருத்திகைக்கு மூவரும் மலைப்படி ஏறினோம். அக்காவுக்கு அப்போது முழங்கால் வலி. பாவா பத்துப் படி முன்னால் போவார், திரும்பி நிற்பார். அக்கா வந்து சேர்ந்ததும் மறுபடி பத்துப் படி. நிற்பார். பாதி மலையில் அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

"போனா போங்க, இல்லன்னா கூட வாங்க. நடுவுல நின்னுகினு என்னையே பாக்காதீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலியே. மெதுவா வா, நிக்கறேன்."

"அதாங்க சொல்றேன்!"

அவருக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் புரியவில்லை. நான் பக்கத்தில் தேங்காய்ப் பையை வைத்துக்கொண்டு, சண்டை வந்துவிடுமோ என்று எந்தப் பக்கம் குதிக்கலாம் எனப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூருக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. அக்கா இரண்டு முறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது முறை வந்தபோது, "நீங்களும் வாங்க. டிவி அந்த ஊர்லயும்தான் ரிப்பேர் ஆவுது" என்று கூப்பிட்டாள். பாவா, "நீ மொதல்ல போய் பாரு. புடிக்கலன்னா திரும்பி வர ஒரு எடம் வேணாமா? நான் இங்கியே நிக்கறேன்" என்றார். தடுக்கவில்லை, கூடப் போகவுமில்லை. அக்கா தனியாகப் போனாள், முடிந்த சனிக்கிழமைகளில் வந்துபோனாள். இவர் இரண்டு வருஷம் நின்றார். அவள் வராத சனிக்கிழமைகளிலும் கடிகாரத்துக்குக் கீழே நின்றார். ஸ்டேஷன் டீக்கடைக்காரர் எனக்கு போன் போட்டு, "உங்க பாவாவ வூட்டுக்குப் போகச் சொல்லுங்க. பாக்கறப்ப எனக்கே யாரோ வரணும்போல இருக்குது" என்றார்.

அக்காவுக்கும் அது எட்டியது. அடுத்த வாரம் அந்தக் காகிதம் எனக்குத் தபாலில் வந்தது. இருவரும் மனம் ஒத்துப் பிரிகிறோம் என்று கோர்ட்டுக்குக் கொடுக்கும் மனு. பின்னாலேயே போன்.

"டேய், கையெழுத்து வாங்கினு வா."

"நானா? எனக்கு சர்க்கரை இருக்குதுக்கா."

"அவர் மேல எனக்குக் கோவமே இல்லடா. இருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும். நான் சொன்னா, ஆவட்டும் ஆவட்டும்னுட்டு மறுபடியும் போய் நிப்பார். இந்தக் கையெழுத்து எனக்கு மட்டும் இல்ல. அவரு நிக்கறத நிறுத்தணும். என்னால அங்க ஒரு மனுசன் ஆயுசு முழுக்க நின்னுகினே போறான்னு நெனச்சா, எனக்கு இங்க தூக்கம் வரல."

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. நான் அதற்குள் போனைக் கட் செய்திருந்தேன். கை தவறி என்று பிறகு சொன்னேன்.

முதல் தடவை லுங்கி பண்டிலுக்குள் காகிதத்தைச் செருகிக்கொண்டு போனேன். ஆடினோம். திரும்பி வந்து, "ஆளு ஊர்ல இல்லக்கா" என்றேன். இரண்டாவது தடவை, "கடையில கூட்டம்." மூன்றாவது தடவை சட்டைப் பையில் வைத்திருந்தேன். குகைக் கட்டத்திலேயே வேர்த்து, வக்கீலின் எழுத்து என் நெஞ்சில் கண்ணாடிப் பிம்பமாகப் பதிந்துவிட்டது. குளிக்கும்போது பார்த்த மனைவி, "இன்னா இது, மேல்முறையீடா?" என்றாள். வக்கீல் புதிதாக ஒன்று அடித்துத் தந்தார்.

நான்காவது தடவை ஒரு மழை ஓய்ந்த பிற்பகல். கல்யாண மண்டபம் ஒன்றின் டிவி, கதவு அகலம் இருந்தது. அத்தனை பெரிய திரையில் என் நீல ஆளைப் பார்த்தபோது அவனும் என்னைப் போலவே முழிப்பதாகப்பட்டது. காடு தாண்டினோம், குகை, தொழிற்சாலை. கோபுரத்தில் பாதி உயரம் ஏறியபோது என் உயிர்கள் தீர்ந்து, மிச்சம் ஆடிக்கொண்டிருந்த ஒன்றுதான். பாவாவிடம் ஐந்து. அவர் மேல்படியில் நின்றார். அம்புகள் வந்தன. குனிந்தார், நிமிர்ந்தார்.

"நிக்கறேன், வா மச்சான்."

குதிக்கவேண்டிய இடம். வழக்கம்போல பயம் வந்தது. ஆனால் விரல் குதிக்கவில்லை, வாய் குதித்துவிட்டது.

"பாவா, அக்கா நிக்க வேணாம்னு சொல்றா. கையெழுத்து கேக்கறா. பேப்பர் பாக்கெட்லியே இருக்குது. நாலு வாட்டியா இருக்குது."

சிவப்பு ஆள் குனியவில்லை. ஓர் அம்பு குத்தியது. விழுந்து, மறுபடி அதே படியில் எழுந்து நின்றான். இன்னொன்று குத்தியது. ஐந்து மூன்றானது. பாவா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எத்தினி நாளா?"

"ஒரு மாசமா பாவா."

"அதான் உன் ஆளு ஒழுங்கா குதிக்கல."

"அதுக்கு முன்னாடியும் குதிக்கலியே பாவா."

"ஆங்" என்றார். பாதிச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து நின்றுபோனது. "நல்லா இருக்காளா?"

"இருக்கா. ராத்திரி மட்டும் தூக்கம் இல்லியாம்."

"ஏன்?"

"நீங்க நிக்கறீங்களாம்."

சிவப்பு ஆள் மெல்லத் திரும்பினான். ஒரு படி தாவினான். பிறகு இன்னொன்று. திரை அவனோடு மேலே நகர்ந்தது. என் நீல ஆளின் கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது, கடைசியாகத் தொப்பி. 'டொய்ங்' என்று ஒரு சத்தம். திரையின் மூலையில் எனக்கு ஒரு வரி மினுங்கியது: அமுக்கினால் கூட்டாளியின் உயிரில் ஒன்று உனக்கு.

என் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது.

"எடுத்துக்க" என்றார் பாவா, ஏறிக்கொண்டே. பழக்கதோஷம்.

என் வாழ்நாளில் பயந்தும் ஒன்றையும் அமுக்காமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். வலது கட்டைவிரலை இடது கையால் பிடித்துக்கொண்டேன். அது துடித்தது.

"இல்ல பாவா. நீங்க போங்க."

அவர் ஒரே ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் போனார்.

அவர் அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. தலைச்சுமையை இறக்கிவைத்தவன் ஓடுவது மாதிரி இருந்தது. கோபுரத்து உச்சி, நண்டு, முதல் கண், இரண்டாவது கண். இரண்டு உயிர் போனது. கடைசி ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றாவது கண்ணையும் உடைத்தார். திரை முழுக்கச் சதுரச் சதுரமாக வாணம் வெடித்தது. நான் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் ஒருமுறை தட்டி நிறுத்தினேன்.

"சூடு பாத்தாச்சு" என்றார். "குடு."

டிவி அட்டைப்பெட்டி மேல் காகிதத்தை விரித்தேன். தப்பான கோட்டைக் காட்டினேன். என் விரலை மெதுவாக நகர்த்திவிட்டு, "இது உங்க அக்கா எடம்" என்றார். தன் இடத்தில் முழுப் பெயரையும் எழுதினார், நிதானமாக, இனிஷியலோடு.

கோர்ட்டுக்கு இரண்டு முறை வரவேண்டியிருந்தது. இரண்டு முறையும் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தார். ஒரு நிமிஷம்கூட முன்னதாக வரவில்லை. அக்கா அதைக் கவனித்தாள் என்பது எனக்குத் தெரியும்.

பிறகு அவர் கடையைக் காலி செய்துவிட்டு ஆந்திரா பக்கம் போனார். சந்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். ஒருநாள் மதியம் தைரியம் வரவழைத்துக்கொண்டு போன் செய்தேன். "சாப்டுகினு இருக்கேன் மச்சான், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். மணி பன்னிரண்டரைதான் ஆகியிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் அவமானப்பட்டதில்லை.

போன ஆடிக் கிருத்திகைக்கு அக்கா வந்தாள். நடைமேடை முழுக்க மஞ்சள் துணியும் பூக்காவடியுமாகக் கூட்டம். இறங்கியதும் அவள் கண் நேராகக் கடிகாரத்துக்குக் கீழே போனது. அங்கே ஒரு குடும்பம் காவடியைக் குழாயில் சாய்த்துவைத்துவிட்டு இட்லி தின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தேன்.

"ரொம்ப நேரமா நிக்கறியாடா?"

"இல்லக்கா. உன் வண்டி வந்தப்புறம்தான் வந்தேன். ரெண்டு தோசை, ஒரு வடை."

"சர்க்கரைக்காரன் வடை திங்கலாமா?" என்று சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையை என்னிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

முன்னாலும் போகாமல், பின்னாலும் தங்காமல் பக்கத்திலேயே நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அது அத்தனை சுலபம் இல்லை. முழங்கால் சரியானதிலிருந்து அக்கா வேகமாக நடக்கிறாள். சந்து முனைக்கு வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. பத்தடி முன்னால் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"நிக்கட்டுமாடா?"

"வேணாங்க்கா. நீ நட. நான் வந்துகினேதான் இருக்கேன்."